ட்ரோன் விட்டது யார்? நான்கு பதில்களும் ஒவ்வொன்றின் விலையும்

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை காலை, டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்தில் இருக்கும் மச்சான் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். "மச்சான், இஞ்ச எல்லாரும் ரஷ்யன் எண்டுதான் சொல்லினம். பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் பொடியள் விளையாடுறாங்கள் எண்டுறார். வேலையில ஒருத்தன் ட்ரோனே இல்லை, எல்லாம் மனப்பிரமை எண்டுறான். நீ என்ன சொல்லுறாய்?"

அவன் குழம்பியதில் தப்பில்லை. அந்த வாரம் அப்படி. 22ஆம் தேதி திங்கள் இரவு எட்டரை மணியளவில் கோபன்ஹேகன் விமான நிலையத்துக்கு அருகே இரண்டு மூன்று பெரிய ட்ரோன்கள் தெரிகின்றன என்று வான்வெளியை மூடினார்கள். நள்ளிரவு தாண்டித்தான் திறந்தார்கள். சுமார் 20,000 பயணிகளின் பயணம் குலைந்தது. அதே இரவில் நார்வேயின் ஒஸ்லோவும் சில மணி நேரம் மூடியது. 24ஆம் தேதி இரவு டென்மார்க்கின் மேற்குப் பகுதியான ஜட்லாந்துப் பக்கம்: ஆல்போர், எஸ்பியர், சொண்டர்போர் விமான நிலையங்கள், ஸ்க்ரிட்ஸ்ட்ரப் விமானப்படைத் தளம். 26ஆம் தேதி இரவு காருப் ராணுவத் தளம். காருப், மச்சான் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்தான்.

பிரதமர் மெட்டே ஃப்ரெடெரிக்சன், நாட்டின் முக்கியக் கட்டமைப்பின் மீது அதுவரை நடந்தவற்றிலேயே மிகக் கடுமையான தாக்குதல் இது என்றார். ரஷ்யாவாக இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றார். ரஷ்யாதான் என்று சொல்லவில்லை. போலீசார் எடுத்த சொல் "திறன் உள்ள ஒருவர்". பாதுகாப்பு அமைச்சர் ட்ரோல்ஸ் லுண்ட் போல்சன், தொழில் தெரிந்தவர்கள் திட்டமிட்டுச் செய்தது என்றார். அதோடு, ட்ரோன்கள் உள்ளூரிலிருந்தே ஏவப்பட்டதாகத் தெரிகிறது, ரஷ்யாவைச் சுட்டும் சான்று கையில் இல்லை என்றும் சொன்னார். ரஷ்யா மறுத்தது. இவ்வளவையும் ஒருசேரக் கேட்டவனுக்கு என்ன புரியும்?

யார் என்று நாம் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் நான்கு பதில்களில் ஏதோ ஒன்றை மனதுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் எல்லோரும் நடமாடுகிறோம். அந்தத் தேர்வை வைத்துத்தான் குடும்பக் குழுவில் எதைப் பகிர்வது, பக்கத்து வீட்டுக்காரரை எப்படிப் பார்ப்பது, எந்த அரசியல்வாதி சொல்வதற்குத் தலையாட்டுவது எல்லாம் முடிவாகின்றன. ஒரு சலவை இயந்திரம் வாங்கும்போது நான்கு கடை ஏறி இறங்குகிறோம். இதற்கும் கொஞ்சம் ஏறி இறங்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் சான்று. ராடார் பதிவு, தெளிவான படம், கீழே விழுந்த ஓர் உதிரி, பிடிபட்ட ஆள். இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? கண்ணால் கண்ட சாட்சி இரவு வானத்தைப் பொறுத்தவரை அரைச் சான்றுதான். ஏன் என்று கீழே வருகிறேன்.

அடுத்து, அந்தச் செயலுக்கு உண்மையில் எவ்வளவு திறன் தேவை. பிறகு, இதே மாதிரிப் பழைய சம்பவங்களில் துப்புத் துலங்கியவை என்னவாக முடிந்தன.

லாபம் யாருக்கு என்பதையும் கேட்கலாம், ஆனால் கடைசியில் கேளுங்கள். "எவனுக்கு லாபமோ அவனே செய்தான்" என்பது ஊரில் தேங்காய் களவு போனால் பேசுகிற நியாயம். பாதி நாள் காற்றில் விழுந்த தேங்காயாக இருக்கும்.

எல்லோரும் விட்டுவிடுகிற அளவுகோல் ஒன்று உண்டு. நான் நம்பியது தவறாகப் போனால் அதற்கு யார், எவ்வளவு விலை கொடுப்பார்கள்? நான்கு பதில்களுக்கும் விலை உண்டு. சிலவற்றின் விலைச்சீட்டு உள்பக்கம் ஒட்டியிருக்கும்.

## பதில் ஒன்று: அங்கே ட்ரோனே இல்லை

சொன்னால் கோபம் வரும் பதில் இது. "அப்போது விமானிகளும் போலீசாரும் குருடர்களா?" என்று கேட்பார்கள். குருடர்கள் இல்லை. இருட்டில் தூரம் தெரியாது, அவ்வளவுதான். கருப்பு வானத்தில் ஒற்றை ஒளிப்புள்ளி தெரிந்தால், அது 300 மீட்டரில் இருக்கும் சின்ன ட்ரோனா, 30 கிலோமீட்டரில் தரையிறங்க வரும் விமானமா என்று சொல்ல மனிதக் கண்ணுக்கு வழியே இல்லை. தூரம் தெரியாவிட்டால் அளவும் தெரியாது, வேகமும் தெரியாது. நேராக நம்மை நோக்கி வரும் விமானம் பல நிமிடம் அசையாமல் நிற்பது போல இருக்கும். திரும்பியதும் சட்டென்று பாய்ந்து போனது போலத் தோன்றும். "அந்தரத்தில் நின்றது, பிறகு மின்னலாய்ப் போனது" என்று வரும் சாட்சியங்களில் எத்தனையோ இந்தக் கதைதான்.

நியூஜெர்சியில் 2024 நவம்பரில் தொடங்கிய பரபரப்பு இதற்கு நல்ல பாடம். பிக்கட்டின்னி ராணுவ ஆயுத நிலையத்துப் பக்கம் முதலில் பேச்சு கிளம்பியது. டிசம்பர் நடுவுக்குள் எஃப்பிஐக்கு 5,000க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்து குவிந்தன. மேலே விசாரிக்கத் தகுந்தவை என்று தேறியவை சுமார் 100. மிச்சத்தில் சட்டப்படி பறந்த வணிக ட்ரோன், பொழுதுபோக்கு ட்ரோன், போலீஸ் ட்ரோன், சாதாரண விமானம், ஹெலிகாப்டர், நட்சத்திரம் என்று எல்லாம் கலந்திருந்தன. மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் லாரி ஹோகன் தன் வீட்டுக்கு மேலே டஜன் கணக்கில் ட்ரோன்கள் என்று காணொளி போட்டார். பார்த்தவர்கள் அதில் ஓரியன் விண்மீன் கூட்டத்தை அடையாளம் கண்டு சொன்னார்கள். நம் கணக்கில் அது திருவாதிரையும் மிருகசீரிடமும் இருக்கும் இடம். மார்கழி பிறக்கச் சில நாள்தான் இருந்தது. நாம் ஆருத்ரா தரிசனத்துக்குக் காத்திருந்த நேரத்தில் அவருக்கு ட்ரோன் தரிசனம் கிடைத்திருக்கிறது.

இன்னும் பெரிய பாடம் லண்டனுக்குப் பக்கத்து கேட்விக். 2018 டிசம்பர் 19 முதல் 21 வரை ஓடுபாதை மூடி மூடித் திறந்தது. சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் மாட்டிக்கொண்டார்கள். 170 முறை ட்ரோன் தெரிந்ததாகக் கணக்கு. அதில் 115ஐ நம்பத் தகுந்தவை என்று போலீசார் பிரித்தார்கள். ஆனால் தெளிவான ஒரு படம் கிடையாது. தேடுவதற்காகப் போலீசாரே ஏவிய ட்ரோனைக் கண்டும் சிலர் தகவல் கொடுத்திருக்கலாம் என்று அவர்களின் தலைமை அதிகாரியே பிறகு ஒப்புக்கொண்டார். இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. திருடனைத் தேடிப்போனவனின் டார்ச் வெளிச்சத்தைக் கண்டு ஊரே "அதோ திருடன்" என்று கத்துகிற காட்சி அது.

இந்த மாதிரி அலைகளுக்கு ஒரு பொது வடிவம் உண்டு. முதல் இரவில் ஒரு பெரிய செய்தி. அடுத்த நாள் முதல் ஆயிரம் பேர் முதல் தடவையாக வானத்தை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அங்கே எப்போதும் இருந்ததெல்லாம் அன்றுதான் முளைத்தது போலத் தெரிகிறது.

இந்தப் பதிலின் மறைந்திருக்கும் விலை அலட்சியம். அமெரிக்காவின் லாங்லி விமானப்படைத் தளத்துக்கு மேலே 2023 டிசம்பரில் பதினேழு இரவுகள் ட்ரோன்கள் வந்துபோயின. ராணுவத் தளபதிகளே நேரில் பார்த்தார்கள். அதை நட்சத்திரம் என்று தள்ள முடியாது. "எல்லாம் பிரமை" என்று பழகிவிட்ட காவல்காரர் நிஜமாக வரும் இரவில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்.

எப்போது இதைத் தேர்வு செய்யலாம்? பெரிய செய்திக்குப் பிந்தைய நாட்களில், வெறும் ஒளியை மட்டும் கண்ட சாட்சி, ராடாரிலும் கருவியிலும் ஒன்றும் பதியாத இரவு. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் இதைத்தான் எடுப்பேன்.

## பதில் இரண்டு: பொழுதுபோக்குக்காரர், குறும்பர், போராட்டக்காரர்

துப்புத் துலங்கிய சம்பவங்களை மட்டும் எடுத்து அடுக்கினால் இந்த வகை ஆட்கள் நிறையவே வருவார்கள். 2014 இலையுதிர் காலத்தில் பிரான்சின் அணுமின் நிலையங்களுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக ட்ரோன்கள் தெரிந்தன. பெல்வில் நிலையத்துக்கு அருகே மூன்று பேர் பிடிபட்டார்கள்: மாதிரி விமானம் விடும் ஆர்வலர்கள். மற்ற நிலையங்களின் சம்பவங்களோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்ததாகத் தெரியவரவில்லை. 2018 ஜூலையில் கிரீன்பீஸ் இயக்கம் சூப்பர்மேன் வடிவ ட்ரோனை பூஜே அணுமின் நிலையத்தின் எரிபொருள் கிடங்குச் சுவரில் வேண்டுமென்றே மோதவிட்டது. ஆனால் போராட்டக்காரர்கள் செய்தால் தாங்களே சொல்லிவிடுவார்கள், சொல்வதற்காகத்தான் செய்கிறார்கள். யாரும் உரிமை கோராத இரவுகளில் அவர்களைச் சந்தேகிக்க அதிக நியாயமில்லை.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்துக்கு அருகே நடந்ததைக் கேளுங்கள். ஒரு சீன மாணவர் விட்ட ட்ரோன் குடியிருப்புப் பகுதியில் மரத்தில் சிக்கிக்கொண்டது. எடுக்க உதவி தேடித் தவித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து அங்கே வசிக்கும் ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது, போலீசுக்குச் சொல்லிவிட்டார். ட்ரோனில் கடற்படைக் கப்பல்களின் படங்கள் இருந்தன. ஆறு மாதச் சிறை கிடைத்தது. விடுமுறைக்கு வந்தேன் என்றார் அவர். பின்னால் ஓர் அரசு இருந்தது என்று வழக்கில் நிறுவப்படவில்லை. ஆர்வலரா, உளவாளியா? பிடிபட்ட பிறகும் இந்தக் கோடு இப்படித்தான் மங்கலாக நிற்கிறது.

திறன் என்று பார்த்தால் இதற்கு ஒன்றும் பெரிதாக வேண்டாம். கடையில் வாங்கும் ஒரு கிலோவுக்குக் குறைவான ட்ரோன் முக்கால் மணி நேரம்வரை பறக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. குளிரிலும் காற்றிலும் அது குறையும். தடைப் பகுதிக்குள் நுழையாதபடி சீன ட்ரோன் தயாரிப்பாளரான டிஜேஐ நிறுவனம் தன் ட்ரோன்களுக்குள் வைத்திருந்த பூட்டை 2024 தொடங்கி ஐரோப்பாவில் தளர்த்தி, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டது. பொறுப்பு இப்போது விடுபவர் கையில்.

விலை? கேட்விக்கில் ஒரு தம்பதி கொடுத்தார்கள். உள்ளூர் ட்ரோன் ஆர்வலர்தான் செய்திருப்பார் என்ற ஊகத்தில் அவர்களைக் கைதுசெய்து 36 மணி நேரம் வைத்திருந்தார்கள். பெயரும் படமும் நாளிதழ் முகப்பில் வந்துவிட்டன. குற்றமற்றவர்கள் என்று விட்ட பிறகு போலீசார் இரண்டு லட்சம் பவுண்டு இழப்பீடும் செலவும் கொடுக்க வேண்டியதாயிற்று. பொடியன்களின் விளையாட்டு என்று சாதாரணமாகச் சொல்லும்போது யாரோ ஒரு பொடியனின் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்கிறோம்.

ஒற்றை ட்ரோன், அரை மணிக்குள் முடிந்த பறப்பு, ஒரே ஒரு இரவு, படம் எடுக்க ஆசை வரும் இடம். இப்படி இருந்தால் இதை எடுங்கள்.

## பதில் மூன்று: அரசே நேரடியாக

கோபன்ஹேகனுக்கு இரண்டு வாரம் முன்பு, செப்டம்பர் 9 இரவும் 10 விடியலிலும், போலந்து வான்வெளிக்குள் ரஷ்ய ட்ரோன்கள் புகுந்தன. 19 அத்துமீறல்கள் என்று பிரதமர் டொனால்ட் டஸ்க் கணக்குச் சொன்னார். நேட்டோ விமானங்கள் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. வயல்களில் உடைந்த பாகங்கள் கிடந்தன, விவசாயிகள் படம் எடுத்தார்கள். அரசு நேரடியாக அனுப்பினால் இப்படித்தான் இருக்கும்: பெரிய இயந்திரம், நீண்ட தூரம், வழியெல்லாம் ராடாரில் தடம், கடைசியில் குப்பை. யார் என்ற கேள்வியே எழவில்லை. வேண்டுமென்றா, தவறியா என்பதில்தான் சண்டை.

டென்மார்க்கில் அந்தக் குப்பை கிடைக்கவில்லை. ஆட்களும் விமானங்களும் எரிபொருளும் நெருங்கிய இடம் என்பதால் சுடாமல் விட்டோம் என்றார்கள். நியாயமான காரணம்தான், ஆனால் கையில் சான்று இல்லை.

கப்பல் கதையும் உண்டு. கோபன்ஹேகன் விமான நிலையம் ஓரசுண்ட் நீரிணைக் கரையில் இருக்கிறது. தடைகளுக்குத் தப்பி ரஷ்ய எண்ணெய் ஏற்றிப் போகும் "நிழல் கப்பல்கள்" டென்மார்க்கைச் சுற்றித்தான் பால்டிக்கிலிருந்து வெளியே வருகின்றன. அவற்றில் ஒன்றின் மேல்தளத்திலிருந்து ஏவியிருக்கலாம் என்பது அறிவுக்குப் பொருந்தாத பேச்சு இல்லை. அந்த நாட்களில் டென்மார்க் கடலோரம் போன பொராகாய் என்ற கப்பலில் செப்டம்பர் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படை ஏறியது. அதற்கு முன்பு அந்தக் கப்பலின் பெயர் புஷ்பா. நம்மவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மீம்ஸ் போட்டதை விடுங்கள். ட்ரோன்களோடு முடிச்சுப் போடுவதில் அவசரம் வேண்டாம் என்று அதிபர் மக்ரோனே அப்போது எச்சரித்தார்.

லாபக் கணக்கில் இந்தப் பதில்தான் முதலிடம். அந்த மாதத்தில்தான் டென்மார்க் நெடுந்தூரத் தாக்குதல் ஆயுதங்கள் வாங்கப் போவதாக அறிவித்தது. உக்ரைனின் ஃபயர் பாயிண்ட் நிறுவனம் ராக்கெட் எரிபொருள் ஆலை கட்டப் போவதாகச் சொன்ன இடம் வொயன்ஸ். ஸ்க்ரிட்ஸ்ட்ரப் தளத்துக்குப் பக்கத்து ஊர். அக்டோபர் முதல் வாரத்தில் ஐரோப்பியத் தலைவர்கள் எல்லோரும் கோபன்ஹேகனுக்கு வர இருந்தார்கள். இவ்வளவு பொருந்துவதைப் பார்த்தால் கை தானாக இந்தப் பதிலை நோக்கிப் போகிறது. ஆனால் லாபத்தைக் கடைசியில் கேட்போம் என்று பேசிக்கொண்டோம்.

மறைந்திருக்கும் விலை விசித்திரமானது. சான்று இல்லாமல் ஒவ்வொரு ஒளியையும் மாஸ்கோவின் கணக்கில் எழுதினால், அவர்கள் செய்யாத வேலைக்கும் நாமே கூலி கொடுக்கிறோம். ஒரு யூரோ செலவில்லாமல் விமான நிலையம் மூடுகிறது, ஊர் நடுங்குகிறது. சின்ன விலையும் உண்டு. மச்சான் வேலை செய்யும் இடத்தில் ரஷ்ய மொழி பேசும் லாட்வியக்காரர் ஒருவர் இருக்கிறார். அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார் என்றான் மச்சான். சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. பேச்சு வழக்கை வைத்தே ஆளைச் சந்தேகித்த காலத்தை அவனும் கடந்து வந்தவன்தானே.

பாகங்கள் கிடைத்தால், எல்லையிலிருந்து ராடார் தடம் இருந்தால், விமானம் போல அசையாத இறக்கை கொண்ட பெரிய ட்ரோன் என்று கருவிகள் சொன்னால், அப்போது இதை எடுங்கள்.

## பதில் நான்கு: கூலிக்கு ஏவிய கை

ஏவிய கை வேறு, ஏவச் சொன்ன வாய் வேறு. "உள்ளூரில்தான் ஏவப்பட்டது, அதனால் ரஷ்யா இல்லை" என்று சொல்பவர்களும், "ரஷ்யாதான், அதனால் கப்பலில்தான் வந்திருக்கும்" என்று சொல்பவர்களும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்.

2025 ஜூன் 1ஆம் தேதி உக்ரைன் இதை உலகத்துக்கே காட்டியது. 117 சிறிய ட்ரோன்களை லாரிகளில் மறைத்து ரஷ்யாவுக்குள் கொண்டுபோய், விமானப்படைத் தளங்களுக்குப் பக்கத்திலேயே கூரையைத் திறந்து பறக்கவிட்டார்கள். அதில் ஒரு தளம் சைபீரியாவில், உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால். லாரி ஓட்டியவர்களுக்குச் சரக்கு என்னவென்றே தெரியாது என்று செய்திகள் வந்தன. அதற்குப் பிறகு, ட்ரோன் கிளம்பிய இடத்தை வைத்து நாட்டைச் சொல்வது வீண்வேலை.

ஐரோப்பாவில் கூலிக்கு ஆள் பிடிப்பது ஊகம் இல்லை, நீதிமன்றம் வரை போன விஷயம். 2024 மார்ச்சில் கிழக்கு லண்டன் லெய்ட்டனில் உக்ரைனுக்குத் தொடர்பான ஒரு கிடங்குக்குத் தீ வைத்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அவர்களை ஏற்பாடு செய்தவரை ரஷ்யக் கூலிப்படையான வாக்னர் குழு டெலிகிராம் வழியாகப் பிடித்திருந்தது. அவருக்கு 17 ஆண்டு சிறை. 2025 செப்டம்பரில், அதே கோபன்ஹேகன் வாரத்தில், நெதர்லாந்தில் 17 வயதுப் பையன்கள் இருவர் கைதானார்கள். அதில் ஒருவன் ஹேக் நகரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலின் அலுவலகம், கனடா தூதரகம் பக்கமெல்லாம் வைஃபை ஒட்டுக்கேட்கும் கருவியோடு நடந்தான் என்பது குற்றச்சாட்டு, கூப்பிட்டது டெலிகிராம். ஜெர்மன்காரர்கள் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பயன்படுத்தித் தூக்கி எறியும் ஏஜெண்டுகள். டீக்கடைக் காகிதக் கப் மாதிரி.

இப்போது போலீசார் சொன்ன "திறன் உள்ள ஒருவர்" என்பதை எடுத்துக்கொள்வோம். கோபன்ஹேகனில் நான்கு மணி நேரம் நடந்தது. ட்ரோன்கள் பல திசைகளிலிருந்து வந்தன, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டன. முக்கால் மணி நேரம் பறக்கும் ட்ரோனை வைத்து நான்கு மணி நேரம் காட்ட என்ன வேண்டும்? ஒரு கார், ஒரு பை நிறைய பேட்டரி, இரண்டு மூன்று இடங்களில் இரண்டு மூன்று பேர், பதற்றப்படாத மனம். இதற்கு ராணுவம் தேவையில்லை, திட்டம் வேண்டும். தனியாக விளையாடும் பொடியனிடம் இல்லாதது இந்தத் திட்டம்தான்.

விளக்கு விஷயமும் யோசிக்க வைக்கிறது. ஐரோப்பிய விதிப்படி இரவில் பறக்கும் ட்ரோனில் பச்சை விளக்கு மின்ன வேண்டும். உளவு பார்க்க வந்தவன் விளக்குப் போடமாட்டான், விதிக்குப் பயந்தவன் அணைக்கமாட்டான். போட்டு அணைத்து விளையாடுபவன் தன்னைப் பார்க்கவேண்டும் என்றே வந்தவன். படம் எடுப்பதைவிட ஓடுபாதையை மூட வைப்பதே வேலையாக இருந்திருக்கும். சாட்சிகள் கண்டது ட்ரோன்தானா என்ற கேள்வி இங்கேயும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கவில்லை.

எனக்கு மனதுக்குப் பிடித்த பதில் இதுதான். பிடித்திருப்பதாலேயே இதன்மேல் சந்தேகமும் உண்டு. ஏனென்றால் இதைத் தோற்கடிக்கவே முடியாது. ஒரு பையன் பிடிபட்டால் "பார், கூலிக்கு எடுத்த ஆள்". யாரும் பிடிபடாவிட்டால் "பார், எவ்வளவு கைதேர்ந்தவர்கள்". எந்தச் சான்று வந்தாலும் வயிறு நிறைகிற கோட்பாடு கொஞ்சம் ஆபத்தானது. இன்னொரு விலையும் இருக்கிறது: புலம்பெயர்ந்த பையன்கள்மீது கண் விழும். கூலி ஏஜெண்ட் என்ற சொல் பரவினால் முதலில் நிறுத்திச் சோதிக்கப்படும் முகங்கள் எவை என்பது நமக்குத் தெரியும்.

ஒரே இரவில் பல இடம், மணிக்கணக்கில் நீளும் பறப்பு, யாரும் உரிமை கோராமை, பெரிய அரசியல் நிகழ்வுக்குச் சற்று முந்தைய நேரம், கருவியிலும் ஏதாவது பதிவு. இவை கூடினால் இது.

## ஒரே பார்வையில்

| பதில் | வலுவான சான்று எதுவாக இருக்கும் | பழைய உதாரணம் | தவறினால் விலை கொடுப்பவர் |
|---|---|---|---|
| ட்ரோனே இல்லை | ஒளி மட்டும், கருவியில் வெறுமை | நியூஜெர்சி 2024 | அடுத்த முறை தூங்கிவிடும் காவல் |
| பொழுதுபோக்குக்காரர் | ஒற்றை ட்ரோன், குறுகிய நேரம் | பெல்வில் 2014 | பெயர் கெடும் அப்பாவி |
| அரசு நேரடியாக | உடைந்த பாகம், ராடார் தடம் | போலந்து 2025 | ரஷ்ய மொழி பேசும் சக ஊழியர் |
| கூலிக் கை | பிடிபட்ட ஆளின் கைத்தொலைபேசி | லெய்ட்டன் தீவைப்பு 2024 | தெருவில் நிறுத்தப்படும் இளைஞர் |

## எந்த இரவுக்கு எது

ஒரு வாரத்துக்கு ஒரே பதில் என்று பிடிவாதமாக நிற்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் பிழை. 22ஆம் தேதி இரவும் 26ஆம் தேதி இரவும் ஒன்றில்லை. முதல் இரவில் யாரும் ட்ரோனை எதிர்பார்த்து நிற்கவில்லை. அதனால் அன்றைய சாட்சிக்கு மதிப்பு அதிகம். என் ஊகத்தை எண்ணில் சொல்லச் சொன்னால், அந்தத் திங்கள் இரவுக்குக் கூலிக் கை பத்துக்கு ஐந்து, அரசு நேரடியாக ஒன்று, பொழுதுபோக்குக்காரர் ஒன்று, ட்ரோனே இல்லை மூன்று. இது ஊகம், இதற்கு மேல் எடை வைக்காதீர்கள். ஸ்க்ரிட்ஸ்ட்ரப் தளத்துக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. அதற்குப் பிந்தைய இரவுகளில் சாதாரண ஆட்கள் கொடுத்த தகவல்களுக்கு முதல் பதில்தான், பத்துக்கு எட்டு. நிஜமான ஒன்றும் அதைத் தொடர்ந்த பிரமைகளும் ஒரே வாரத்தில் சேர்ந்தே இருக்கலாம். நிஜமாக ஏவியவனுக்கு இரண்டாம் இரவில் வேலையே இல்லை. மிச்சத்தை ஊர் செய்துகொள்ளும்.

அன்றாட முடிவுகளில் பலவற்றுக்கு யார் என்ற கேள்வியே வேண்டாம். அக்டோபர் பள்ளி விடுமுறைக்கு மச்சான் குடும்பத்தோடு லண்டன் போக டிக்கெட் எடுத்திருந்தான். ட்ரோனால் வான்வெளி மூடினால் அது விமான நிறுவனத்தின் கைக்கு மீறியது. ஏவியவன் ரஷ்யனானாலும் பக்கத்து வீட்டுப் பொடியனானாலும் பண இழப்பீடு கிடைக்காது. சாப்பாடு, தேவைப்பட்டால் தங்குமிடம், மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம், இவை கேட்டு வாங்கலாம். டிக்கெட்டை ரத்து செய்யாதே என்றேன்.

இன்னொன்று அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவன் மகனிடம் ஒரு சின்ன ட்ரோன் இருக்கிறது. ஐரோப்பியத் தலைவர்களின் மாநாட்டுக்காக செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 3 வரை நாடு முழுக்கப் பொதுமக்கள் ட்ரோன் விடத் தடை போட்டார்கள். மீறினால் அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. அதை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். பெயர் ஊர் வாசிக்கக் கஷ்டமான ஒரு பதினான்கு வயதுப் பையன் அந்த வாரத்தில் ட்ரோனோடு பிடிபட்டிருந்தால், நான்கு பதில்களையும் அவன் தலையில் கட்டியிருப்பார்கள்.

திங்கள் இரவு மச்சான் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை வீடியோ. பால்கனியில் நிற்கிறான், குளிரில் மூக்குச் சிவந்திருக்கிறது.

"இஞ்ச பார், இது என்ன? சிவப்பும் பச்சையுமா மின்னுது. சத்தமில்லை. கால் மணித்தியாலமா அப்பிடியே நிக்குது."

திரையில் ஒரு மங்கல் புள்ளி நடுங்கியது. "எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறாய்?"

"மேற்கு."

"காருப் உனக்கு வடக்குப் பக்கமெல்லோ? பால்கனிக் கம்பியோட ஒரு கூரை முனையைச் சேர்த்து வச்சுப் பார். இருவது நிமிசத்தில மெல்ல வலப்பக்கம் சரிஞ்சு கீழ இறங்கினா அது சுவாதி நட்சத்திரம். தாழ இருக்கேக்க காத்து அதைச் சிவப்பும் பச்சையுமா உடைச்சுக் காட்டும்."

இருபது நிமிடம் கழித்து ஒரு செய்தி வந்தது: "இறங்கிட்டுது." அதன் கீழே இன்னொன்று: "அப்ப வெள்ளிக்கிழமை காருப்பில கண்டது?"

"நான் அங்க நிக்கேல்ல மச்சான்" என்று பதில் போட்டேன்.